தம்பியின் மீனெண்ணெய்

எங்கள் வீட்டில் மீன் நின்றுபோனது என்னால்தான். அண்ணன் அதற்காக என்னை லேசில் மன்னிக்கவில்லை. நாலு பக்கமும் கடல் கிடக்கிற தீவில், காலையும் மாலையும் மீன் கடகப்பெட்டிகள் வாசற் படலையைக் கடந்துபோகிற வேலணை ஒழுங்கை ஒன்றில், எங்கள் அடுப்பில் மட்டும் கத்தரிக்காயும் வாழைக்காயும் முறைபோட்டு வெந்தன. மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்ப்பான். 'நீ செத்திருந்தாலும் பரவாயில்லை' என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் அதற்கு மிகக் கிட்டத்தில்தான் அந்தப் பார்வை இருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு எட்டு வயது முடிந்திருந்த சமயம், ஊருக்குள் சின்னமுத்து அம்மை வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு வந்து போனது. எனக்கு வந்து தங்கிவிட்டது. காய்ச்சல், இருமல், பிறகு வயிற்றோட்டம். ஒரு நாள் முழுவதும் நான் கண் திறக்கவில்லையாம். ஐயா (எங்கள் தந்தையை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம்) முற்றத்தில் இறங்கி, நயினாதீவு இருக்கிற திசையைப் பார்த்துக் கைகூப்பி, அம்பாளுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். பிள்ளை தப்பினால் இந்த வீட்டில் இனி மீன் சமைப்பதில்லை. அவள் பெரியபிள்ளையாகும் வரைக்கும் அவளுடைய வாயில் மீன் படாது.

ஐயா புகையிலைத் தோட்டக்காரர். பாரை மீன் தலை ஒன்றை அவர் சாப்பிட்டு முடித்தால் பூனைகூட அந்தப் பக்கம் வராது, வந்து பிரயோசனமில்லை. அப்படிப்பட்டவர் தனக்கு மிகவும் பிடித்ததைத் தூக்கிக் கொடுத்தார். நான் பிழைத்தேன். அம்பாள் தன் பங்கைச் செய்துவிட்டாள், எங்கள் பங்கை நாங்கள் செய்யத் தொடங்கினோம்.

பிழைத்த பிள்ளைக்குப் பத்தியம் வைத்தார்கள். கீரை குளிர். பப்பாசிப்பழம் சூடு. முட்டை கிரந்தி. இவற்றுக்கெல்லாம் நடுவில் எது மிஞ்சுகிறதோ அதுதான் எனக்கு, அதாவது உப்புப் போட்ட கஞ்சி. வாரக்கணக்கில் கஞ்சி குடித்தேன். பத்தியம் முடிந்த பிறகும் வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. முருங்கையிலை வறையைக் கண்டாலே ஓங்காளம் வரும். அம்மா கெஞ்சிப் பார்ப்பாள், பிறகு அடித்துப் பார்ப்பாள், இரண்டுக்கும் நான் மசியமாட்டேன். அதற்குள் தம்பி பிறந்துவிட்டான். பிறக்கும்போதே கொழுகொழுவென்று பிறந்தான். இனிமேல் இந்த வீட்டில் என்னைப் பற்றி நினைக்க ஒருவருக்கும் நேரமிருக்காது என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

தம்பி தவழத் தொடங்குவதற்கு முன்பே என் கண் மாறிவிட்டது. சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கி, வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கிற மைமல் பொழுதில், எனக்கு மட்டும் எல்லாம் அணைந்துபோகும். முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மாலையானால் உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் மறைந்துபோகும் என்று நினைத்தேன். கோவில் வீதியில் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடும்போதுதான் விளங்கியது. மற்றவர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள், ஆளை ஆள் துரத்தினார்கள், நான் குரல்களுக்கு நடுவில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். முதலில் பிடிபடுவது எப்போதும் நான்தான். நடிக்கிறேன் என்று அண்ணன் சொன்னான்.

வீட்டிலும் அப்படித்தான். கிணற்றடிக் கல்லில் தடக்கி விழுந்தேன். தம்பிக்கென்று காய்ச்சி வைத்த பாலைக் காலால் தட்டி ஊற்றினேன். "கண் என்ன பிடரியிலையோ?" என்று ஐயா கேட்டார். நான் சிந்திய பாலைத் துடைத்தேன். உண்மையைச் சொல்ல முடியாத அளவுக்குப் பயமாக இருந்தது. என் கணக்கு இப்படி: அம்பாள் உயிரைத் தந்தாள், கூலியாக இரவுப் பார்வையை எடுத்துக்கொண்டாள். இரவு போனால் அடுத்தது பகல். பகலும் போய்விட்டால் பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை, யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரிய வேண்டும். ஒருவருக்கும் தெரியாமல் இருந்தால் அது கொஞ்சம் மெதுவாக வரும் என்று ஏனோ நம்பினேன். பொழுதுபடும் முன்பே வீட்டுக்கு ஓடிவந்து, அரிக்கன் லாம்புக்குக் கிட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடுவேன். எவ்வளவு படிப்பு என்று அயலவர்கள் மெச்சினார்கள்.

அல்லைப்பிட்டியிலிருந்து மீன் கொண்டுவருகிற மீன்கார அக்கா ஒருத்தி இருந்தாள். எங்கள் வீடு மீனை விட்ட பிறகும் அவள் எங்கள் படலையை விடவில்லை. வெறும் கடகத்தோடு திரும்பிப் போகும்போது வேலியோரம் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவாள். ஒரு மாலை அம்மா என்னிடம் செம்பைத் தந்து அனுப்பினாள். அன்றைக்கு அவள் வழக்கத்தைவிடப் பிந்தி வந்திருந்தாள். நான் போய், "இந்தாங்கோ" என்று மரியாதையாக இரண்டு கையாலும் செம்பை நீட்டினேன்.

"பிள்ளை, நான் இஞ்சை இருக்கிறன்" என்று என் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது படலைத் தூணுக்கு. மீன்கார அக்கா சிரிக்கவில்லை. தண்ணீரை வாங்கிக் குடித்தாள், என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், போய்விட்டாள். மறுநாள் வெள்ளென வந்து அம்மாவை வேலிக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் நெடுநேரம் பேசினாள். நான் வாழைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு சொல்லும் கேட்கவில்லை. அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது மட்டும் தெரிந்தது. மீன் விலையைக் கேட்டுத்தான் அம்மாவுக்கு வாயூறுகிறது, நேர்த்தி முறியப்போகிறது என்று நினைத்து, ஐயாவிடம் சொல்வதா வேண்டாமா என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

அதற்கு அடுத்த கிழமை அம்மா தம்பியை அயல் வீட்டில் விட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். கிராமச் சங்கக் கட்டடத்தின் ஒரு பக்க அறையில் கிளினிக் நடக்கும். ஊரிலுள்ள தாய்மார் பாதிப் பேர் வாங்கிலில் வரிசையாக இருந்தார்கள். மருத்துவிச்சி சைக்கிளில் ஊர் ஊராகத் திரிகிற, உரத்த குரலும் நல்ல மனமும் உள்ள பெண்.

"பிள்ளை எங்கை?" என்று அவள் அம்மாவிடம் கேட்டாள்.

"கொண்டுவர ஏலாது மிஸி. வெயில் பட்டால் சுருண்டு போறான்."

"என்ன செய்யுது?"

"பால் குடிக்கிறானில்லை. குடிச்சாலும் சத்தியெடுக்கிறான். நாலு மாசமாகுது, தலை நிக்குதில்லை. கையும் காலும் ஈர்க்கு மாதிரிக் கிடக்கு" என்றாள் அம்மா. சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அன்று காலையில் தம்பி வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு, போதாதென்று என் சுண்டுவிரலை எடுத்துச் சப்பியவன். தூக்கினால் எனக்கு இடுப்பு நோகும். நல்லாயிருக்கிற பிள்ளையை நல்லாயிருக்கிறான் என்று சொன்னால் நாவூறு படும் என்பதற்காக எங்கள் ஊர்த் தாய்மார் கொஞ்சம் குறைத்துச் சொல்வது வழக்கம். அம்மா குறைத்த குறைப்பில் தம்பி இருக்கிறானா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மருத்துவிச்சி என்னைப் பார்த்தாள். "இவள் எப்பிடி? சின்னமுத்து வந்து கிடந்து எழும்பினவள் எல்லோ?"

"இவளுக்கென்ன மிஸி, ஒரு குறையுமில்லை. நல்லாத் தின்னுறாள், ஓடியாடித் திரியிறாள்."

அம்மாவின் கையை உதறினேன். ஒரு நோய் வருத்தமும் இல்லாத மகனுக்காகக் கண்ணீர் விடுகிறாள். மாலையானால் குருடாகிப்போகிற மகளைத் திரும்பிப் பார்த்து, ஒரு குறையுமில்லை என்கிறாள். ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான் என்று பள்ளிக்கூடத்தில் பெரிய பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருந்தேன். கிளினிக்கிலிருந்து வீடு வரும்வரைக்கும் நான் அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. அவளுடைய மற்றக் கையில் ஒரு போத்தல் மீனெண்ணெய் இருந்தது.

மீனெண்ணெய் என்றதும் ஐயா திடுக்கிட்டார். "தம்பிக்குப் பலத்துக்கு" என்றாள் அம்மா. ஐயா இரண்டு நாள் யோசித்தார், பிறகு கோவில் குருக்களிடம் போய்க் கேட்டார். குருக்கள் நன்றாக ஆராய்ந்து, நேர்த்தி வைத்தபோது பிறவாத பிள்ளையை அந்த நேர்த்தி கட்டாது, மருந்துக்குத் தோஷமும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஐயா நிம்மதியோடு வந்து ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

"பெட்டை தொடக்கூடாது. அவளின்ரை உயிருக்கு வைச்ச நேர்த்தி. அவளுக்கு எட்டாத இடத்திலை வை."

அம்மா போத்தலை அலுமாரியின் உச்சியில் வைத்தாள். ஐயா தோட்டத்துக்குப் போன பிறகு பார்த்தால் அது குசினிக் கட்டின்மேல், உப்புச் சாடிக்குப் பக்கத்தில், என் நெஞ்சு மட்டத்தில் இருந்தது. அருகில் ஒரு சின்னக் கரண்டி. அடிக்கடி எடுக்க வசதியாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறாள் போலும் என்று நினைத்தேன்.

மற்றப் பிள்ளைகள் மீனெண்ணெய்க்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எனக்கோ மூடியைத் திறந்ததும் ஒரு வருடமாக நான் இழந்திருந்த கடலெல்லாம் மூக்குக்குள் வந்தது. பொரித்த சூடை, பாரைக் குழம்பு, நெத்தலிச் சொதி எல்லாம் அந்த ஒரு போத்தலுக்குள் இருந்தன. முதல் நாள் மூடியை மட்டும் நக்கினேன். இரண்டாம் நாள் ஒரு கரண்டி குடித்தேன். ஆசை பாதி, ஆத்திரம் பாதி. வருத்தமில்லாத தம்பிக்கு மருந்து எதற்கு? நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா தவறாமல் கிணற்றடிக்குத் துணி அலசப் போவாள். நான் தவறாமல் குசினிக்குள் போவேன். ஒரு தடவையாவது அவள் செம்பை மறந்துவிட்டுத் திரும்பி வந்ததில்லை. அப்படியொரு அதிர்ஷ்டம் எனக்கு.

பயமும் இருந்தது. ஒவ்வொரு நாளும் குடிப்பதற்கு முன் நயினாதீவுப் பக்கம் திரும்பி, "ஒரு கரண்டிதான் அம்மாளே, அதுவும் சின்னக் கரண்டி" என்று சொல்லிவிட்டுத்தான் குடித்தேன். போத்தலில் எண்ணெய் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு தேங்காய்ச் சொட்டுக் காணாமற்போனாலும் யார் எடுத்தது என்று விசாரணை வைக்கிற அம்மா, இதை மட்டும் கவனிக்கவேயில்லை. தம்பி வந்த பிறகு அவளுக்குப் புத்தி மங்கிவிட்டது என்று முடிவு செய்தேன்.

ஒரு நாள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மருத்துவிச்சி தம்பியைப் பார்க்க நேரிலேயே வந்துவிட்டாள். அம்மாவின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அடுத்த கணம் தம்பியைத் தூக்கிச் சீலை ஏணைக்குள் போட்டு, மேலே ஒரு போர்வையை இழுத்து மூடி, என்னை ஆட்டச் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"இப்பத்தான் கண் மூடினவன் மிஸி. எழுப்பினால் விடிய விடிய அனுங்குவான்."

மருத்துவிச்சி பாவம், காலடி கேட்காமல் நடந்து உள்ளே வந்தாள். ஏணை நிலத்தைத் தொட ஒரு சாண்தான் இருந்தது. அவள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத் தாழ்ந்து கிடக்கு" என்றாள்.

"உள்ளுக்குப் பழஞ்சீலை நிறைய வைச்சிருக்கிறன். எலும்பு குத்தும் அவனுக்கு" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே கெக்கட்டமிட்டுச் சிரித்தான். "முனகுறான் பாருங்கோ" என்று அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நான் ஏணையை இன்னும் பலமாக ஆட்டினேன். எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, அம்மாவை ஐயாவிடம் காட்டிக்கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. காட்டிக்கொடுத்தால் போத்தல் போய்விடும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. மருத்துவிச்சி இரண்டாவது போத்தலைத் தந்துவிட்டுப் பெருமூச்சோடு போனாள்.

அந்தப் போத்தலைத் திறப்பதற்கு முன்பே என் மாலை திரும்பி வந்துவிட்டது. அது வந்த நாள் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. கோவில் வீதியில் கிளித்தட்டு. பொழுது இறங்கிவிட்டது, வழக்கம்போல நான் வீட்டுக்கு ஓட வேண்டிய நேரம். ஓடத் திரும்பியவள், எதிரில் நின்ற அண்ணனின் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை என்பதைக் கண்டேன். நின்றுவிட்டேன். கோவில் மதிலில் வெள்ளையடித்த இடமும் அடிக்காத இடமும் தனித்தனியாகத் தெரிந்தன. பனைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு வௌவால் போனது, அது போன வழியும் தெரிந்தது. மேலே பார்த்தேன். வெள்ளி ஒன்று பூத்திருந்தது. வானத்தில் அப்படியொன்று உண்டு என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. கோடுகளைத் தாண்டித் தாண்டி ஓடினேன். அண்ணன் மறித்த மறிப்பையெல்லாம் ஏய்த்துக் கடைசிக் கோடுவரை போய், 'உப்பு' என்கிற வெற்றிப் புள்ளியை எடுத்துக்கொண்டு வந்தேன். அதன்பின் மறிக்கிற முறை எனக்கு வந்தது. அண்ணன் வந்தான். அவன் இடமா வலமா என்று யோசிக்கும் முன்பே அவனுடைய முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அவ்வளவு நாள் தோல்விக்கும் சேர்த்து வைத்த அடி. "கள்ளி, இவ்வளவு நாளும் நடிச்சவள்" என்று அவன் கத்தினான். எனக்கு அது பட்டம் சூட்டினது மாதிரி இருந்தது.

அம்பாள் கோபிக்கவில்லை என்று விளங்கியது. அவளும் கடலுக்கு நடுவில்தானே இருக்கிறாள், மீன் வாசம் அவளுக்குப் பழகியிருக்கும். வந்த கண் நோய் வந்த மாதிரியே போய்விட்டது என்று எண்ணிக்கொண்டேன். குடித்த எண்ணெய்க்கும் கண்ட வெள்ளிக்கும் தொடர்பிருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. வருத்தத்தை ஒருவருக்கும் சொல்லாதபடியால் சுகத்தையும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆனால் அடுத்த மாலை அம்மா லாம்பைக் கொளுத்தவில்லை. சிமினி துடைக்க வேண்டும் என்றாள். அடுப்படியில் இருந்தபடியே, "பிள்ளை, கிணத்தடியிலை என்ரை சீப்புக் கிடக்கு. எடுத்துக்கொண்டு வா" என்றாள். நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். கறுத்தக் கல்லில் கிடந்த கறுத்தச் சீப்பு. அம்மா அதை வாங்கி மடியில் செருகினாள். பிறகு நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பைக் குனிந்து ஊத ஆரம்பித்தாள்.

எல்லாம் இப்படிச் சுகமாக முடிந்திருக்கும், ஐயா மட்டும் இடையில் புகுந்திராவிட்டால். கிராமச் சங்கமும் கிளினிக்கும் சேர்ந்து பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் கண்காட்சி நடத்தப்போகிறார்கள், ஆரோக்கியமான குழந்தைக்குப் பரிசு என்று கேள்விப்பட்டதும், ஐயா யாரிடமும் கேளாமல் தம்பியின் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். எட்டு மாதத் தம்பிக்குக் கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தேடித்தான் பவுடர் பூச வேண்டும். அவனைப் பார்க்கப் பார்க்க ஐயாவுக்குப் பூரிப்பு.

அம்மா இடிந்துபோனாள். "ஊர்க்கண்ணெல்லாம் படும். நாவூறு பொல்லாதது" என்று மன்றாடினாள்.

"அம்பாள் பாத்துக்கொள்ளுவா" என்றார் ஐயா. அதற்குமேல் அவரோடு பேச ஏலாது.

கண்காட்சியன்று அம்மா தம்பிக்கு நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என்று கறுத்தப் பொட்டு வைத்தாள். அந்த வெயிலில் கம்பளிச் சட்டை ஒன்றும் போட்டாள். பயனில்லை. நிறுக்கும்போது எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தம்பி அம்மணமாகத் தராசில் உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் கையடித்தான். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நிறுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். மருத்துவிச்சி பெயர்த் தாளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிலத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், இன்றைக்கு எல்லார் முன்னாலும் அம்மாவின் பொய் உடைகிறது என்று நினைத்து அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டேன். அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நேரம் எங்கே போனதோ தெரியவில்லை.

பரிசு கொடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய பெரிய டொக்டர் வந்து சேரப் பொழுதுபட்டுவிட்டது. முதற்பரிசு தம்பிக்கு. மருத்துவிச்சி அவனைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறினாள். தூக்குவதற்கு இரண்டு தரம் எத்தனிக்க வேண்டியிருந்தது.

"இந்தப் பிள்ளையை எல்லாரும் வடிவாப் பாருங்கோ" என்றாள். "நாலு மாசத்துக்கு முன்னம் தலை நிக்காமல், குடிச்ச பால் தங்காமல், ஏணையோடை ஏணையாக் கிடந்தவன். தாய் என்னட்டை வந்து அழுதவ. நான் குடுத்தது ரெண்டு போத்தல் மீனெண்ணெய். வேறை ஒண்டுமில்லை."

கூட்டம் எட்டி எட்டித் தம்பியைப் பார்த்தது. பிறகு கைதட்டல் பள்ளிக்கூடக் கூரையைத் தூக்கியது. பெரிய டொக்டர் எழுந்து நின்று மருத்துவிச்சியைப் பாராட்டினார். எல்லோரையும்விட அதிகமாகத் திகைத்தவர் ஐயாதான்.

"இவனுக்கு எப்ப தலை நிக்காமல் போனது?" என்று அம்மாவின் காதில் கேட்டார்.

"நீங்கள் தோட்டத்திலை நிண்டனீங்கள். இப்ப கையைத் தட்டுங்கோ" என்றாள் அம்மா.

ஐயா தட்டினார். நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். எங்கள் அம்மா தப்பிவிட்டாள் என்று எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. அதற்குள் தாய்மார் மருத்துவிச்சியைச் சூழ்ந்துகொண்டு, தங்கள் பிள்ளைகளுக்கும் மீனெண்ணெய் வேண்டும் என்று நெருக்கினார்கள். மீன் வாசமே ஆகாத வீட்டுக்காரரும் அதில் நின்றார்கள். அந்த நெரிசலுக்குள்ளும் மருத்துவிச்சி எங்களை மறக்கவில்லை. பையிலிருந்து ஒரு புதுப் போத்தலை எடுத்து நீட்டினாள்.

"இந்தாரும், இதையும் கொண்டு போம். விடாமல் குடும்."

"வேண்டாம் மிஸி" என்றாள் அம்மா. "சுகம் வந்திட்டுது. இனித் தேவையில்லை. தேவைப்பட்ட பிள்ளை ஆருக்கும் குடுங்கோ."

சொன்னது மருத்துவிச்சிக்கு, பார்த்தது என்னை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஊரே கேட்டு அடிபடுகிற ஒன்றைக் கையில் கொண்டுவந்து தரும்போது வேண்டாம் என்கிறாளே. வீட்டுப் போத்தலில் இனி நாலைந்து கரண்டிதான் இருந்தது என்பது எனக்கல்லவா தெரியும்.

அந்தப் போத்தல்களிலிருந்து தம்பிக்கு ஒரு துளியும் போகவில்லை என்று அம்மா சொன்னது, என் மூத்த பிள்ளைக்கு ஒரு வயதான பிறகு. மீன்கார அக்கா அன்றைக்குச் சொன்னாளாம், இது மாலைக்கண், மீன் எண்ணெய் உள்ளே போனால் மாறும், விட்டால் பகலும் போகும் என்று. மகளின் உயிருக்காகக் கொடுத்த வாக்கு மகளின் கண்ணை எடுக்கிறது என்று ஐயாவிடம் எந்த வாயால் சொல்வது? நேர்த்தி கட்டாத பிள்ளை ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அதைத்தான் அவள் நோயாளியாக்கினாள். நேரே எனக்குத் தந்திருக்கலாமே என்று கேட்டேன். "தந்திருந்தால் நீ ஐயாவிட்டைச் சொல்லிப்போடுவாய். களவெடுத்தால் செத்தாலும் சொல்லமாட்டாய்" என்றாள்.

கண்காட்சியன்று இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா என் எண்ணெயை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்பதுதான். கோபத்தில் எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். பொழுது நன்றாக மங்கியிருந்தது. வழி பனங்கூடலுக்குள்ளால் போகிற ஒற்றையடிப் பாதை. விழுந்து கிடந்த காவோலைகளை விலத்தி, கல்லுகளைத் தாண்டி, யார் கையையும் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் என் பின்னால் ஓடிவரப் பார்த்தான்.

"விடு, அவள் போகட்டும்" என்றாள் அம்மா. கொஞ்சத் தூரம் போனதும் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "பிள்ளை, பாதை தெரியுதோ?"

"தெரியுது" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

"வடிவாத் தெரியுதோ?"

"எல்லாம் தெரியுது. சும்மா வாங்கோ."

பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது, பிறகு மறுபடியும் சிரிப்பு. மகனுக்கு முதற்பரிசு கிடைத்த புளுகமும் பூரிப்பும் அவளுக்கு அடங்கவில்லை என்று நினைத்து, நான் இன்னும் வேகமாக நடந்தேன்.